ஒரு கிரவுண்ட் மழையும் எட்டு ஃபிளாட்டும்

கேள்வி இது: "சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை பெய்கிறது. மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயம் ஆகிவிட்டது. அப்படியும் ஏப்ரல் வந்தால் போர்வெல் வற்றுகிறது, லாரிக்குப் போன் போட வேண்டியிருக்கிறது. நகரம் வளர்ந்தால் நிலத்தடி நீர் போய்த்தான் தீருமா? திட்டமிடலால் ஏதாவது செய்ய முடியுமா?"

முடியும். ஆனால் எல்லா மண்ணுக்கும் ஒரே மருந்து எழுதிக் கொடுத்தால் முடியாது. சென்னையில் அதுதான் நடந்தது. கணக்கிலிருந்து தொடங்கினால் விஷயம் சீக்கிரம் புரியும்.

ஒரு கிரவுண்ட் என்பது 2,400 சதுர அடி, அதாவது 223 சதுர மீட்டர். 1,400 மி.மீ. மழையில் அந்த மனைமேல் விழுவது 3.12 லட்சம் லிட்டர். முன்பு அங்கே ஒரு தனி வீடு, ஐந்து பேர். ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் (நகரங்களுக்கு அரசு வைத்திருக்கும் அளவுகோல்) என்றால் ஆண்டுச் செலவு 2.46 லட்சம் லிட்டர். தன் மேல் விழும் மழைக்குள்ளேயே அந்த வீடு அடங்கிவிடுகிறது. அதை இடித்துவிட்டு எட்டு ஃபிளாட் கட்டினால், வீட்டுக்கு நாலு பேர் வீதம் 32 பேர், செலவு 15.77 லட்சம் லிட்டர். வானத்திலிருந்து விழுவதைச் சொட்டு சிந்தாமல் பிடித்தாலும் ஐந்தில் ஒரு பங்குதான் தேறும். மீதி நாலு பங்கு குழாயில் வர வேண்டும். வராவிட்டால் பக்கத்து மனைக்கு அடியிலிருந்து வரும், அல்லது ஏதோ ஒரு கிராமத்துக் கிணற்றிலிருந்து 12,000 லிட்டர் லாரியில் வரும். எஃப்.எஸ்.ஐ.யை, அதாவது மனைப்பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற தளப்பரப்புக் குறியீட்டை, ஏற்றிக் கொடுக்கும் ஒவ்வொரு கையெழுத்தும் ஒரு தண்ணீர்க் கையெழுத்து. கோப்பில் அப்படி யாரும் எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு பக்கமும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. கட்டடமே இல்லாத வெற்று நிலத்தில் பெய்யும் மழை முழுவதும் பூமிக்குள் போய்விடும் என்று நினைக்கிறோம். போகாது. ஒரு பகுதி ஓடிவிடும், ஒரு பகுதி ஆவியாகும், ஒரு பகுதியைச் செடி குடிக்கும். நிலத்தடி நீரைக் கணக்கிட மத்திய அரசு வகுத்த முறையில் கிழக்குக் கடற்கரை வண்டல் நிலத்துக்கு ஊறும் விகிதம் 16 சதவீதம், சென்னையின் தென்மேற்கில் இருக்கும் சார்னோகைட் பாறைக்கு 5 சதவீதம். ஆக, கடலோர மணலில் ஒரு கிரவுண்ட் இயற்கையாக உறிஞ்சுவது ஆண்டுக்கு 50,000 லிட்டர். அதே மனையில் 150 சதுர மீட்டர் மொட்டை மாடி இருந்து, அதில் விழுவதில் 80 சதவீதத்தைக் கிணற்றில் இறக்கினால் 1.68 லட்சம் லிட்டர் உள்ளே போகிறது. இயற்கை கொடுத்ததைப் போல் மூன்று மடங்குக்கு மேல். கட்டடம் கட்டியதாலேயே நிலத்தடி நீர் போய்விட்டது என்பது அதனால் முழு உண்மை அல்ல. மொட்டை மாடி ஒரு நல்ல நீர்ப்பிடிப்பு. அந்தத் தண்ணீர் தெருவுக்குப் போகிறதா, கிணற்றுக்குப் போகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இப்போது ஏப்ரல் வறட்சிக்கு வருவோம். சென்னைக்குக் கீழே ஒரே நிலம் இல்லை. ராயபுரம், மயிலாப்பூர், பெசன்ட் நகர், திருவான்மியூர் என்று கடலை ஒட்டிய பட்டை மணல். கிண்டி, ஆதம்பாக்கம், வேளச்சேரி, பரங்கிமலைப் பக்கம் பாறை. இடையில் கே.கே. நகர், விருகம்பாக்கம் போன்ற இடங்களில் களிமண் கெட்டியாகக் கிடக்கிறது. (சார்னோகைட் என்ற பெயரே நம் ஊர்க் கல்லால் வந்தது. கொல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லைப் பார்த்து 1890-களில் வைத்த பெயர் அது. கல் போனது பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்திலிருந்து.)

மணல், தன் கன அளவில் சுமார் 16 சதவீதம் தண்ணீரை எடுத்துக்கொள்ளத் தரும். பாறை விரிசல்களில் 1 முதல் 3 சதவீதம்தான். ஒரு கிரவுண்டுக்கு அடியிலிருந்து ஒரு லட்சம் லிட்டர் இறைத்தால், மணலில் நீர்மட்டம் ஏறத்தாழ 9 அடி இறங்கும். 2 சதவீதம் தரும் பாறையில் 73 அடி இறங்கும். பக்கத்து நிலத்திலிருந்து தண்ணீர் நகர்ந்து வந்து இதை ஓரளவு சமன் செய்யும் என்பதால் இது தோராயக் கணக்கு. ஆனால் வித்தியாசத்தின் அளவு இதுதான். பாறைப் பகுதியில் நவம்பரில் கிணறு கைக்கெட்டும் உயரத்துக்கு வருவதும், ஏப்ரலில் மோட்டார் காற்றை இழுப்பதும் இதனால்தான். சின்னப் பாத்திரம்: சீக்கிரம் நிரம்பும், சீக்கிரம் காலியாகும். மழை குறைந்துவிட்டது என்று வானத்தைத் திட்டுவதில் பயனில்லை. வேளச்சேரியில் நின்றுகொண்டு பெசன்ட் நகர்க் கிணற்றை எதிர்பார்க்க முடியாது.

சேகரிப்புக் குழிக்கு வருவோம். 2003-ல் அவசரச் சட்டம் வந்ததும் ஊர் முழுக்கத் தோண்டினார்கள். நல்ல பலனும் கிடைத்தது. 2005 மழைக்குப் பிறகு பல இடங்களில் நீர்மட்டம் கண்கூடாக உயர்ந்தது. ஆனால் பெரும்பாலான வீடுகளில் தோண்டியது 3 அடிக்கு 3 அடி, ஆழம் 5 அடி, உள்ளே ஜல்லி போட்ட குழி. 45 கன அடி என்றால் 1,270 லிட்டர். ஜல்லி போக இடைவெளி 40 சதவீதம் என்று வைத்தால் பிடிப்பது 500 லிட்டர். மணிக்கு 50 மி.மீ. என்று கொட்டும் வடகிழக்குப் பருவ மழையில், 150 சதுர மீட்டர் மாடியிலிருந்து மணிக்கு 6,000 லிட்டருக்கு மேல் இறங்கும். நிமிடத்துக்கு நூறு லிட்டர். ஐந்தே நிமிடத்தில் குழி நிரம்பி, மீதி மழை முழுக்கத் தெருவுக்குப் போகும். மணலில் அடியில் உறிஞ்சிக்கொண்டே இருக்கும் என்பதால் ஓரளவு சமாளிக்கும். களிமண்ணில் அந்தக் குழி ஒரு கொசுத்தொட்டி. ஒப்புதலுக்காகக் கட்டிய குழிகளில் குழாயே இணைக்காதவையும் உண்டு, அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும்.

ஜல்லி நிரப்பாத உறைகிணறு இதற்குப் பல மடங்கு மேல். 3 அடி விட்டம், 15 அடி ஆழம் என்றால் 3,000 லிட்டர் பிடிக்கும். 5 அடி விட்டம், 20 அடி என்றால் 11,000 லிட்டர். மேலே சொன்ன மழையை முதல் ரகம் அரை மணி நேரமும், இரண்டாவது ஒன்றே முக்கால் மணி நேரமும் தாங்கும், உறிஞ்சுவதைச் சேர்க்காமலே. சிமென்ட் உறைகளில் பக்கவாட்டில் துளை இருக்க வேண்டும். உறைக்கும் மண்ணுக்கும் நடுவில் அரை அடி இடம் விட்டு 20 மி.மீ. ஜல்லி போட வேண்டும், இல்லையென்றால் துளை வழியாக மணல் உள்ளே வந்து கிணற்றைச் சுற்றித் தரை அமுங்கும். அடியில் ஒரு அடி கூழாங்கல். கிணற்றுக்கு முன்னால் 2 அடிக்கு 2 அடியில் ஒரு வண்டல் தொட்டி. அதிலிருந்து கிணற்றுக்குப் போகும் குழாய், தொட்டியின் தரையிலிருந்து அரை அடியாவது மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது வண்டல் தொட்டி அல்ல, வழிப்போக்குதான். மேலே கான்கிரீட் மூடி, கொசு வலை போட்ட காற்றுக் குழாய். உறை இறக்கும்போது தோண்டத் தோண்ட உறையைக் கூடவே இறக்க வேண்டும். மணலில் முதலில் முழு ஆழம் தோண்டிவிட்டு உறை இறக்கலாம் என்று நினைத்தால் ஆள் மேல் சரியும். பழைய கிணற்றைத் தூர்வார ஆளை இறக்குவது இன்னும் ஆபத்து. உள்ளே ஆக்சிஜன் இல்லாமல் இருக்கலாம். கயிறும் மேலே இரண்டு பேரும் காற்று ஏற்பாடும் இல்லாமல் இறக்கவே கூடாது.

களிமண் பகுதிக்கு வேறு ஏற்பாடு. 10, 15 அடி உறைகிணற்றின் அடியிலிருந்து ஆறு அங்குலக் கைபோர் ஒன்றை, களிமண்ணைத் தாண்டி அதற்குக் கீழே இருக்கும் மணல் படுகை தொடும்வரை இறக்கி, துளையிட்ட பி.வி.சி. குழாயும் சிறு கூழாங்கல்லும் போடுவார்கள். மாடித் தண்ணீர் மட்டும்தான் இதற்குள் போகலாம். வாசல் தண்ணீரையும் கார் கழுவும் தண்ணீரையும் விட்டால் இரண்டு மழைக்காலத்தில் அடைத்துக்கொள்ளும், பிறகு அதைத் திறக்க வழியில்லை. உங்கள் மண் எது என்று தெரியவில்லையா? இரண்டு அடிக் குழி ஒன்றைத் தோண்டி, இரண்டு முறை தண்ணீர் நிரப்பி ஊறவிட்டு, மூன்றாம் முறை நிரப்பி நேரம் பாருங்கள். மணல் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் காலி. காலையில் வந்து பார்த்தும் தண்ணீர் நின்றால் அங்கே குழி வேலைக்கு ஆகாது.

நாம் ஊற்றுவதும் எடுப்பதும் ஒரே இடத்தில் இல்லை என்பது இன்னொரு சிக்கல். மழைநீர் 15, 20 அடியில் மேல் அடுக்கில் சேர்கிறது. இறைப்பதோ 200, 300 அடி போரிலிருந்து. மேல் அடுக்கில் விட்டது விரிசல் வழியாக அங்கே போய்ச் சேரலாம், பல ஆண்டுகள் ஆகலாம், போகாமலும் இருக்கலாம். "சேகரிப்பு வைத்தும் போர் வற்றுகிறது" என்ற புகாரில் பாதி இதுதான். இதற்கு மருந்து மழைநீரை நேராகப் போருக்குள் விடுவது என்று சிலர் சொல்வார்கள். வடிகட்டாமல் விட்டால் போர் அடைக்கும். மாடியில் கிடக்கும் காக்கை எச்சமும் அதனோடு உள்ளே போகும். நேர் வழி, மேல் அடுக்கிலிருந்தே எடுப்பது: பழைய திறந்த கிணற்றுக்கு ஒரு சின்ன மோட்டார். ஃபிளாட் கட்ட வரும்போது முதல் வேலையாக அந்தப் பழைய கிணற்றில்தான் இடித்த கட்டடக் குப்பையைக் கொட்டி மூடுகிறார்கள். அதைப்போல ஒரு கிணற்றை இன்று தோண்ட லட்சங்கள் ஆகும். இருக்கும் கிணற்றை மூடக் கூடாது என்று கட்டட அனுமதியில் ஒரு வரி சேர்ப்பதற்கு அரசுக்கு ஒரு பைசா செலவில்லை.

கடலோரத்தில் ஆழமாகப் போவது இன்னும் மோசம். நன்னீர் உப்புநீரைவிட இலேசு, அதன்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு அடி நின்றால், கீழே 40 அடிக்கு நன்னீர் இருக்கும். கணக்கு திரும்பும்போதும் அதே 40தான்: ஒரு அடி இறங்கவிட்டால் அடியிலிருந்து உப்பு 40 அடி மேலே ஏறத் தொடங்கும். அதனால் திருவான்மியூர், நீலாங்கரைப் பக்கம் ஒரு பெரிய போருக்குப் பதில், தள்ளித் தள்ளி இரண்டு மூன்று ஆழமில்லாத கிணறு, அரை ஹெச்.பி. மோட்டார், மெதுவாக இறைப்பது என்பதுதான் சரி. டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் கருவி) ஒன்று வாங்கி மாதம் ஒரு முறை எழுதி வைத்தால், நாக்கு கண்டுபிடிக்கும் முன்பே உப்பு ஏறுவது தெரியும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மி.கி.; வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை. இதில் வடசென்னை பாடம் பெரியது. மீஞ்சூர் பக்கத்துக் கிணற்று வயல்களிலிருந்து நகரத்துக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் 1960-களின் கடைசியிலிருந்து இறைத்தார்கள். அப்போது கடலிலிருந்து 3 கி.மீ. அளவில் இருந்த உப்பு எல்லை, 1983-க்குள் 9 கி.மீ. உள்ளே வந்துவிட்டது. அதே மீஞ்சூரில் 2010-ல் நாளைக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. கிணற்றை உப்பாக்கிவிட்டு, கடலிலிருந்து உப்பைப் பிரிக்க மின்சாரம் செலவழிக்கிறோம்.

நகர வளர்ச்சி நிலத்தடி நீரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. மையப் பகுதியில் குழாய்த் தண்ணீர் வந்ததும் இறைப்பது குறைகிறது, போதாததற்கு ஓட்டைக் குழாய்களே பூமியை நனைக்கின்றன, நீர்மட்டம் மீள்கிறது. அடி வாங்குவது ஓரம். மாநகராட்சி எல்லை 2011-ல் 174 சதுர கி.மீ.யிலிருந்து 426 ஆனது. ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் அடுக்குமாடிகள் முதலில் வந்தன, குழாயும் பாதாளச் சாக்கடையும் பின்னால் வந்தன, சில இடங்களில் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. பாதாளச் சாக்கடை இல்லாத இடத்தில் ஒவ்வொரு மனையிலும் செப்டிக் டேங்க், ஒவ்வொரு மனையிலும் போர். இரண்டுக்கும் நடுவே 50, 60 அடியாவது வேண்டும். 40 அடிக்கு 60 அடி மனையில் அந்த இடைவெளியை எங்கே வைப்பது? உங்கள் மனைக்குள் தள்ளி வைத்தாலும் பக்கத்து வீட்டு டேங்க் உங்கள் போருக்குப் பத்தடியில் இருக்கும். நைட்ரேட் லிட்டருக்கு 45 மி.கி. என்ற குடிநீர் வரம்புக்கு மேல் போவது இப்படித்தான். காய்ச்சினால் அது போகாது; தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கெட்டியாகும்.

திட்டமிடல் என்று பார்த்தால் பழைய பாவங்கள் நிறைய. மயிலாப்பூர் நீண்ட ஏரியை வடித்து 1920-களில் தியாகராய நகர் வந்தது. நுங்கம்பாக்கம் ஏரியின் மேல் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. பள்ளிக்கரணை சதுப்பில் மிஞ்சியதைத்தான் 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களின் பட்டியலில், சேர்த்தார்கள். ஏரியை மூடினால்தான் ஏரி சாகும் என்றில்லை. கரையும் கலங்கலும் அப்படியே இருக்க, வரத்து வாய்க்காலின் குறுக்கே ஒரு மனைப்பிரிவுச் சாலை போட்டாலே போதும். சாலைக்கு அடியில் ஒரு சின்னக் குழாய் வைத்துவிட்டு வாய்க்கால் காப்பாற்றப்பட்டது என்று எழுதிவிடுவார்கள். மழைத் தண்ணீர் வராத ஏரிக்குச் சாக்கடைத் தண்ணீர் வரும். 2015 டிசம்பரில் மூழ்கிய நகரம், நாலு ஆண்டு முடியும் முன்பே, 2019 கோடையில், ஏரிகளின் கொள்ளளவில் ஒரு சதவீதம்கூட இல்லாமல் நின்றது. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். மேலே சொன்ன எட்டு ஃபிளாட் கட்டடங்கள் இரண்டுக்குக்கூட அது ஒரு ஆண்டுக்குக் காணாது.

இனி செய்யக்கூடியவை. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைக்கு 10 சதவீதம் திறந்தவெளி, அதாவது ஓ.எஸ்.ஆர்., ஒப்படைக்க வேண்டும். நடைமுறையில் விற்க முடியாத மூலைதான் பூங்காவாகும். அந்தத் துண்டு மனையின் மிகத் தாழ்ந்த இடத்தில்தான் இருக்க வேண்டும், தெருவைவிட இரண்டு அடி பள்ளமாக இருக்க வேண்டும் என்று விதி வைத்தால், பூங்காவே ஊறணி ஆகிவிடும். மாநகராட்சி கட்டும் ஸ்பாஞ்ச் பூங்காக்கள் இந்த யோசனைதான். மழைநீர் வடிகால் இன்று அடிமுதல் பக்கம்வரை கான்கிரீட் பெட்டி; மணல் பகுதியில் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒன்று என்று அடியில் உறைகிணறு வைத்தால் வெள்ளமும் குறையும். பாறையிலும் களிமண்ணிலும் அதைச் செய்து பணத்தை வீணாக்க வேண்டாம். அங்கே ஏரியும் குளமும்தான் பாத்திரம்.

அடித்தளக் கார் நிறுத்தம் பற்றி யாரும் பேசுவதில்லை. இரண்டு மூன்று தளம் கீழே தோண்டும்போது மேல் அடுக்குத் தண்ணீரை மாதக்கணக்கில் இறைத்து வடிகாலில் விடுகிறார்கள். கட்டி முடித்த பிறகும் கசிவை இறைக்க ஒரு மோட்டார் நிரந்தரமாக ஓடும். தெரு முழுக்க அப்படி வந்தால் நிலத்துக்குள் சுவர் எழுப்பியதுபோல ஆகி, தண்ணீர் நகரும் பாதையே மாறும். அப்படி இறைக்கும் தண்ணீரை அளந்து, பக்கத்துக் குளத்துக்கோ உறைகிணற்றுக்கோ திருப்ப வேண்டும் என்று அனுமதியில் நிபந்தனை போடலாம்.

எட்டு ஃபிளாட் கணக்கின் பள்ளத்தை உண்மையில் நிரப்பக்கூடியது மழை அல்ல, கழிவுநீர். 135 லிட்டரில் நூறு லிட்டருக்கு மேல் சாக்கடையாகத் திரும்பி வருகிறது, ஆண்டு முழுக்க, பருவமழை பொய்த்தாலும். கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் 2019-ல் தொடங்கிய ஆலைகள் ஒவ்வொன்றும் நாளைக்கு நாலரைக் கோடி லிட்டரைத் தொழிற்சாலைக்கு ஏற்றபடி சுத்திகரிக்கின்றன. தொழிற்சாலை அதை வாங்கும் அளவுக்கு ஏரித் தண்ணீர் மிஞ்சும். வீட்டளவில் மணல் பகுதியில் இருப்பவர்கள் குளியலறைத் தண்ணீரை மட்டும் தனிக்குழாயில் பிரித்து, கல்வாழை நட்ட மண்பாத்தி வழியாக இறக்கலாம். சமையலறை எண்ணெயும் கழிப்பறையும் அதில் சேரக் கூடாது. கட்டும்போதே குழாயைப் பிரித்தால் செலவு குறைவு, பிறகு பிரித்தால் சுவர் உடைக்க வேண்டும்.

சென்னைப் பெருநகரின் நிலப்பயனை வகுக்கும் இரண்டாம் பெருந்திட்டம் (மாஸ்டர் பிளான்) செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்பையும் கிழக்குக் கடற்கரைச் சாலையோர நீர் ஊறும் பட்டையையும் தனியே குறித்து, அங்கே கட்டட அடர்த்தியைக் கட்டுப்படுத்தியது. அந்த வரைபடத்தின் மிக நல்ல வரிகள் அவை. திட்டப் பகுதி 2022-ல் 1,189 சதுர கி.மீ.யிலிருந்து 5,904 ஆக விரிந்திருக்கிறது. மூன்றாம் பெருந்திட்டம் 2046 வரைக்கானது. புதிதாகச் சேர்ந்த நிலத்தில் எங்கே மணல், எங்கே பாறை, எந்த வாய்க்கால் எந்த ஏரிக்கு என்ற வரைபடத்தைக் கீழே போட்டு அதன்மேல் நிலப்பயன் வண்ணத்தைத் தீட்ட வேண்டும். வண்ணம் தீட்டிய பிறகு வாய்க்காலைத் தேடினால், அதன்மேல் ஏற்கெனவே பட்டா இருக்கும்.

உங்கள் குடியிருப்பில் இந்த வாரமே செய்யக்கூடியது: வளாகத்துக் கிணற்றின் நீர்மட்டத்தை நாடாவால் அளந்து எழுதுவது. மோட்டார் நிறுத்தி ஆறு மணி நேரமாவது ஆன பிறகு, விடியற்காலையில் அளக்க வேண்டும். அளவு எப்போதும் கிணற்று விளிம்பின் ஒரே குறியிலிருந்து. செப்டம்பரில் மாடியையும் வண்டல் தொட்டியையும் கழுவி, அக்டோபர் முதல் மழையில் சில நிமிடம் தண்ணீரை வெளியே விட்டு, பிறகு கிணற்றுக்குத் திருப்புங்கள். அக்டோபர் தொடக்க அளவுக்கும் ஜனவரி அளவுக்கும் வித்தியாசம் சேர்ந்தது. ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் வித்தியாசம் செலவு. இரண்டு ஆண்டு எழுதினால், அடுத்த போரைத் தோண்டுவதா, உறைகிணறு இறக்குவதா, குழாய் இணைப்புக்கு மனுப் போடுவதா என்று சங்கக் கூட்டத்தில் சண்டை போட வேண்டியிருக்காது. அந்த நோட்டைத் திறந்தால் போதும்.